வாயில் அதே வாயில், கம்பனிதான் மாறியது

பொங்கல் முடிந்த மறுவாரம் சங்க வேலையாக நாங்கள் இரண்டு பேர் யாழ்ப்பாணம் போயிருந்தோம். விடிகாலையில் பஸ் நிலையத்தில் இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, ஆஸ்பத்திரி வீதி வழியே நடந்தோம். வங்கி ஒன்றின் வாயிலில் ஒரு காவலாளி. இரண்டு கட்டடம் தள்ளி ஒரு நிதிக் கம்பனி, அங்கேயும் ஒருவர். அதற்கப்பால் ஒரு புடைவைக்கடை. கதவு இன்னும் திறக்கவில்லை. படியில் ஒருவர் நின்றபடியே கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்தார். கிட்டப் போனதும் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கிய அந்தத் தம்பி, பாதியில் நிறுத்தி, "தலைவரே, நீங்களா?" என்றான்.

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பிள்ளை. அவனுடைய தாய் இன்றும் நமது சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார். பிரட்டுக்களத்தில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிறுவனாகத்தான் அவனை எங்களுக்குத் தெரியும். இப்போது இருபத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்துக்கு வந்து ஆறு வருடம் ஆகிறதாம். ஆறு வருடமும் செக்கியூரிட்டி வேலை.

அன்று மாலைக்குள் எங்கள் கொப்பியில் பதினொரு பேர் சேர்ந்துவிட்டன. ஒருவரைப் பார்த்தால் அவர் இன்னொருவரைக் காட்டுகிறார். ஹட்டன், தலவாக்கலை, பசறை, மஸ்கெலியா என்று எல்லாம் நமது ஊர்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் ஒருவர், திருநெல்வேலியில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் இருவர். தோட்டத்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கையில் வந்த காசு மகளின் கல்யாணத்தோடு முடிந்துபோக, அறுபது வயதில் தொப்பி மாட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியவரும் அதில் உண்டு. "கவ்வாத்துக் கத்தி பிடிச்ச கையிலே இப்போ டோர்ச் லைட்டு" என்று சிரித்தார்.

இந்தப் பத்திரிகையில் நாம் எழுதுவது பெரும்பாலும் கொழுந்து, நாட்சம்பளம், லயம், காணி பற்றித்தான். அதில் குறையில்லை. ஆனால் நமது லயங்களில் இருபதுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள்? கொழும்புக்குப் போனவர்களைப் பற்றியாவது நமக்குக் கொஞ்சம் தெரியும். வடக்கே போனவர்களைப் பற்றி அவர்களுடைய தாய்மாருக்கு மட்டுமே தெரியும். அதுவும் போனில் சொன்ன அளவுக்கு.

ஏன் போகிறார்கள் என்று கேட்பது வீண். தோட்டத்தில் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர். மழை பிடித்தால் வேலை இல்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளமும் இல்லை. போதாததற்கு அட்டையும் குளவியும். மாதம் முடிந்து கழிவெல்லாம் போக வரும் துண்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, "மாதம் முழுக்க வேலை, சம்பளம் ஒரே தொகையாகக் கையில்" என்று யாராவது சொன்னால் அது பெரிய வார்த்தை. யுத்தம் முடிந்து ஏ-9 வீதி திறந்தபின் யாழ்ப்பாணத்தில் வங்கிகள், நிதிக் கம்பனிகள், சுப்பர் மார்க்கெட்டுகள், ஹோட்டல்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வாயிலுக்கும் பகலுக்கு ஒரு ஆள், இரவுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டைப் பார்க்கிறார்கள். கண்டியில் தொடங்கும் அதே ஏ-9 வீதி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. நமது பிள்ளைகளுக்கு அந்த வீதியில் ஏற ஒரு இரவும் ஒரு பையும் போதும்.

சரி, அந்தச் சம்பளக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நாட்டின் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாய், 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாய். நாளுக்கு என்றால் 1,200 ரூபாய். 2024 செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் நாம் பெற்ற நாட்சம்பளம் 1,350 ரூபாய். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,550 ஆக்கி, வருகைக் கொடுப்பனவாக 200 சேர்த்து 1,750 என்று அறிவித்தார்கள். ஆக, சட்டத்தின் குறைந்தபட்சத்தை மட்டும் கொடுக்கும் கம்பனியில் காவலாளியின் ஒருநாள் கூலி, கொழுந்தெடுக்கும் அவனுடைய தாயின் ஒருநாள் கூலியை விடக் குறைவு. பிறகு எப்படி அவன் அனுப்பும் காசு கூடுதலாகத் தெரிகிறது? நேரத்தில்தான். பன்னிரண்டு மணிநேர ஷிப்ட், மாதம் முப்பது நாள்: 360 மணிநேரம். தோட்டத்தில் எட்டு மணிநேரம், இருபத்தைந்து நாள் பேர் விழுந்தாலும் 200 மணிநேரம்தான். இரண்டு ஆளின் உழைப்பை ஒரு ஆளின் உடம்பிலிருந்து எடுத்துவிட்டு, ஒன்றரை ஆளின் கூலியைக் கொடுப்பதற்குப் பெயர் நல்ல சம்பளமா?

மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும் என்பது இவர்களுக்கும் உண்டு. பாதுகாப்புச் சேவைத் தொழிலுக்கென்றே ஒரு சம்பள நிர்ணய சபை இருக்கிறது. ஆனால் நாங்கள் சந்தித்த பதினொரு பேரில் எட்டுப் பேருக்குச் சம்பளம் "ஷிப்டுக்கு இவ்வளவு" என்று பேசப்பட்டிருக்கிறது. எட்டு மணிநேரம் எங்கே முடிந்தது, மேலதிகம் எங்கே தொடங்கியது என்று அந்தக் கணக்கில் கண்டுபிடிக்க முடியாது. அதிலிருந்து உடுப்புக்கும் சப்பாத்துக்கும் ஒரு கழிவு. அறைக்கு ஒரு கழிவு. கண் அசந்ததை மேற்பார்வையாளர் படம் எடுத்தால் அதற்கும் ஒரு கழிவு.

பன்னிரண்டு மணிநேரம் என்று எழுதுவது சுலபம். அதை நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பகல் ஷிப்டில் காலை ஏழு மணிக்கு வாயிலுக்கு வந்தால், பத்து மணிக்கு யாழ்ப்பாணத்து வெயில் சீமெந்துத் தரையிலிருந்து சப்பாத்துக்குள் ஏறுகிறது. குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முதல் வருடம் தோல் உரிந்துபோகுமாம். கதிரை இருக்கிறதா என்று கேட்டோம். மூன்று இடத்தில் இருக்கிறது. இரண்டு இடத்தில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். காவலாளி உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு நல்லாயில்லையாம். மலசலகூடத்துக்குப் போகக் கடைக்குள் ஒருவரைக் கெஞ்சி வாயிலில் நிற்கவைக்க வேண்டும். பொம்பளைகளின் பையைப் பார்க்க நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு தங்கச்சி, அதற்காகவே காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டதாகச் சொன்னார். நிற்கும் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமை வேண்டும் என்று கேரளத்துக் கடைகளில் வேலை செய்த பெண்கள் போராடி, 2018 இல் அங்கே சட்டத்தையே மாற்றவைத்தார்கள். 2021 இல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒரு கதிரைக்காகச் சட்டமா என்று யாரும் சிரிக்கவேண்டாம்.

இரவு ஷிப்டின் கஷ்டம் வேறு. நுளம்பு, நாய், குடிகாரர். கையில் ஒரு தடியும் டோர்ச் லைட்டும், உள்ளே கோடிக்கணக்கில் நகை. காலை ஏழு மணிக்கு ரிலீவர் வரவேண்டும். அவர் வராவிட்டால்? "நீயே பகலையும் பார்த்துக்கொள்" என்று போன் வரும். இவர்கள் அதை "டபுள் அடிக்கிறது" என்கிறார்கள். நாங்கள் முதலில் பார்த்த தம்பி அன்று டபுளின் இருபத்திநாலாவது மணித்தியாலத்தில் இருந்தான். நின்றபடி தூங்கியதற்குக் காரணம் அதுதான்.

கடந்த ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டதே, அந்த நாட்களைப் பற்றி அவனிடம் கேட்டோம். மண்சரிவில் வீதிகள் அறுந்து, கரண்டும் போனும் போய், நாமெல்லாம் ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குச் செய்தி சொல்ல முடியாமல் தவித்த நாட்கள். அவன் மூன்று நாள் அம்மாவின் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். லீவு கேட்டான். ரிலீவர் இல்லை என்றார்கள். போனால் திரும்பி வரவேண்டாம் என்றார்கள். "ஊரார் கடைக்கு நான் காவல். எங்க வீட்டு மேலே மண்ணு வந்துச்சா இல்லியான்னு தெரியாம நின்னேன்" என்றான். நாலாம் நாள் பக்கத்து லயத்துப் பையன் ஒருவன் மேட்டில் ஏறி, சிக்னல் பிடித்து, "எல்லாரும் பள்ளிக்கூடத்திலே இருக்காங்க" என்று சொன்ன பிறகுதான் சோறு இறங்கியதாம்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் எப்படி என்று நமது தாய்மார் கேட்பீர்கள். நேராகச் சொல்கிறோம், இரண்டு விதமும் உண்டு. "தோட்டக்காட்டான்" என்ற சொல் அங்கே செத்துப்போகவில்லை. மோட்டார் சைக்கிளை வாயிலுக்குக் குறுக்கே நிறுத்தாதீர்கள் என்று சொன்னதற்கு அந்தச் சொல்லால் அடி வாங்கியவர்கள் மூன்று பேர். ஒரு காலத்தில் நமது பிள்ளைகளை வீட்டு வேலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அடுப்படியில் படுக்கவைத்த வழக்கத்தின் மிச்சம் அது. ஆனால் அதே ஊரில்தான் ஒரு வயோதிப அம்மா வங்கிக்கு வரும்போதெல்லாம் காவலாளி கேட்கும் முன்பே கைப்பையைத் திறந்து நீட்டுவாராம். "வேணாம் அம்மா, போங்க" என்றாலும் விடமாட்டாராம். ஒருநாள் நின்று, "தம்பி எவடம்?" என்று கேட்டிருக்கிறார். ஹட்டன் என்றதும், "மலைநாட்டுப் பிள்ளையோ? சாப்பிட்டாச்சோ?" என்றாராம். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் அவனுக்கு ஒரு பார்சல் வருகிறது.

அந்த அம்மா ஏன் கேட்கும் முன்பே பையைத் திறக்கிறார்? யோசித்துப் பார்த்தோம். முப்பது வருடம் அந்த ஊரில் வாயிலில் நின்ற உடுப்பெல்லாம் பையைத் திற, அடையாள அட்டையை எடு என்றுதான் சொன்னது. 1981 மே 31 இரவு யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைத்தபோதும், காவலுக்கென்று அந்த ஊருக்கு அனுப்பப்பட்ட பொலிஸார்தான் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். காவல் உடுப்பைக் கண்டால் கை தானாகப் பைக்குப் போகும் ஊரில், நமது பிள்ளைகள் அதே மாதிரி ஒரு உடுப்பைப் போட்டுக்கொண்டு, "வாங்க அம்மா, பார்த்துப் படி ஏறுங்க" என்று சொல்கிறார்கள். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாங்கள் எடுக்கிறோம்.

இந்த வேலையில் நல்லதே இல்லையா? இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. உடுப்பு மடிப்புக் கலையாமல் போட்டு வெளிக்கிடும்போது ஒரு மதிப்பு வருகிறது. தோட்டத்தில் துரையின் முன்னால் பார்வையைத் தாழ்த்தி நின்று பழகிய பிள்ளை, இங்கே முன்னால் வருகிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறான். பேசித்தான் ஆகவேண்டும், அதுதான் வேலை. சிங்களமும் கொஞ்சம் ஆங்கிலமும் நாக்கில் ஏறுகிறது. இரவு வாயில் வெளிச்சத்தில் படித்து இரண்டாம் தடவை உயர்தரம் எழுதிய ஒருவர் எங்கள் கொப்பியில் இருக்கிறார். நகைக்கடைத் தம்பி, படியில் கிடந்த கைப்பை ஒன்றை எடுத்து லொக் புத்தகத்தில் பதிந்து, உரியவர் அழுதுகொண்டு ஓடிவந்தபோது கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறான். அவர் நீட்டிய ஆயிரம் ரூபாயை வாங்கவில்லை. "வாங்கியிருந்தா அந்த மாசம் ரீலோடுக்கு உதவியிருக்கும்" என்று சொல்லிச் சிரிக்கிறான். ஆனால் அந்தக் கதையை எங்களுக்கு இரண்டு தரம் சொன்னான்.

இனி நாங்கள் உண்மையில் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறோம்.

டிக்கோயாத் தம்பி ஆறு வருடமாக ஒரே வாயிலில் நிற்கிறான். அந்தப் புடைவைக்கடைப் படிதான். கடை மாறவில்லை, முதலாளி மாறவில்லை, அவன் போட்டிருக்கும் சப்பாத்துக்கூட மூன்று வருடமாக மாறவில்லை. ஆனால் அவனுடைய சட்டைத் தோளில் இருக்கும் பட்டி இரண்டு தரம் மாறியிருக்கிறது. கடைக்காரர் ஒவ்வொரு இரண்டு வருடமும் குறைந்த விலை சொன்ன காவல் கம்பனிக்குக் கொந்தராத்தைக் கொடுக்கிறார். பழைய கம்பனி போகும், புதிய கம்பனி வரும். புதிய கம்பனிக்கு ஆள் வேண்டும். ஆள்தான் வாயிலில் நிற்கிறானே! ஒரு தாளில் கையெழுத்து, ஒரு புதிய சட்டை, அடுத்த நாள் காலையிலிருந்து அவன் "புதிய ஊழியர்".

இதில் அவனுக்குப் போனது என்ன? 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஒரு தொழில்கொள்வோரிடம் ஐந்து வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளம் பெறுபவரானால், ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கிடைக்கவேண்டும். நாம் தோட்டத்தில் சேவைக்காலப் பணம் என்கிறோமே, அதே. 30,000 ரூபாய் அடிப்படையில் ஆறு வருடத்துக்கு 90,000 ரூபாய். இவனுக்கு ஒரு சதமும் இல்லை. ஆறு வருடம் உழைத்தவன்தான், ஆனால் கடதாசியில் எந்தக் கம்பனியிலும் ஐந்து வருடம் இல்லை. இரண்டு, இரண்டு, இரண்டு. இப்படியே போனால் அறுபது வயது வரை அந்தப் படியில் நின்றாலும் அவன் ஐந்து வருடத்தைத் தொடப்போவதில்லை.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதி. ஊழியரிடமிருந்து 8 சதவீதம், தொழில்கொள்வோரிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 சதவீதம், அது முழுக்கத் தொழில்கொள்வோருடையது. 30,000 ரூபாய்க்கு இதெல்லாம் சேர்த்து மாதம் 6,900 ரூபாய் அவன் பெயரில் சேரவேண்டும். ஐந்து வருடத்தில், வட்டி இல்லாமலே, 414,000 ரூபாய். ஒரு வீட்டுக்கு அத்திவாரமும் சுவரும் எழுப்பக்கூடிய காசு. அவனுடைய மூன்று கம்பனிகளில் ஒன்று 8 சதவீதத்தைச் சம்பளத்தில் கழித்திருக்கிறது, ஆனால் அவனிடம் அங்கத்துவ இலக்கமே இல்லை. இன்னொன்று உண்மைச் சம்பளத்தின் பாதியைத்தான் "அடிப்படை" என்று எழுதி அதற்கு மட்டும் கட்டியிருக்கிறது. மூன்றாவது, இப்போது இருப்பது, ஒழுங்காகக் கட்டுகிறது. எல்லாக் கம்பனியும் களவு என்று நாங்கள் சொல்லவில்லை. ஒழுங்கான கம்பனி விலை கூடச் சொல்லும், அடுத்த கொந்தராத்தில் அதுதான் தோற்கும். இந்த ஏற்பாட்டின் நோயே அதுதான்.

தோட்டத்தில் இருக்கிற நமக்கு இது எங்கோ நடக்கும் கதை என்று நினைக்கவேண்டாம். நமது பழைய கதையை நினைத்துப் பாருங்கள். 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தது. 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் கையில் கொடுத்தது. வெள்ளைக்காரக் கம்பனி போய் அரச கூட்டுத்தாபனம், கூட்டுத்தாபனம் போய் இன்றைய கம்பனி. பலகையில் பெயர் எத்தனை தரம் மாறினாலும் செக்ரோலில் நமது பேர் அறுந்துபோகவில்லை. 1980 இல் பேர் பதிந்த ஒரு அம்மா 2010 இல் ஓய்வு பெற்றபோது, முப்பது வருடத்துக்கும்தான் கணக்குப் பார்த்தார்கள். அது தானாகக் கிடைத்ததா? செக்ரோல் என்ற ஒரு புத்தகமும், அதைத் தட்டிக் கேட்கச் சங்கம் என்ற ஒன்றும் இருந்தபடியால் கிடைத்தது. அந்த அம்மாவின் மகனுக்கு இரண்டும் இல்லை.

இன்னொன்று. தோட்டங்களிலேயே இப்போது கொந்தராத்தும் கைக்காசும் கூடிவருகிறது. கிலோவுக்கு இவ்வளவு, சேமலாப நிதி இல்லை, சேவைக்காலம் இல்லை என்ற ஏற்பாடு எத்தனை டிவிஷனுக்குள் வந்துவிட்டது என்று உங்களுக்கே தெரியும். யாழ்ப்பாணத்து வாயிலில் மகனுக்கு நடப்பது, மலையில் தாய்க்கு நடக்கப்போவதன் ஒத்திகைதான்.

வழி இருக்கிறதா? இருக்கிறது, வேறு இடத்தில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் மகாராஷ்டிர மாநிலம் 1981 இல் தனியார் காவலாளிகளுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்னால், 1969 இல், மும்பைச் சந்தைகளில் மூட்டை சுமக்கும் தொழிலாளருக்கு அப்படி ஒரு சட்டம் வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் இது. அரசு, முதலாளிமார், தொழிலாளர் என்று மூன்று தரப்பும் இருக்கும் ஒரு சபை. காவலாளி அந்தச் சபையில் பதிகிறார். காவல் வேண்டியவர் சபைக்குச் சம்பளத்தையும், அதற்கு மேல் ஒரு வரியையும் கட்டுகிறார். சேமலாப நிதி, பணிக்கொடை, லீவுச் சம்பளம் எல்லாம் அந்த வரியிலிருந்து. வாயில் மாறினாலும் சரி, காவல் வேண்டியவர் மாறினாலும் சரி, ஆளின் பெயர் சபையின் புத்தகத்தில் இருக்கிறது. அங்கே எல்லாம் சொன்னபடி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சபைக்கு வெளியே வைத்துக் குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் மும்பையிலும் உண்டு. ஆனாலும் சேவைக்காலம் ஆளோடு போகவேண்டும், கொந்தராத்தோடு போகக்கூடாது என்ற நியாயம் அங்கே சட்டமாக இருக்கிறது.

நமது நாட்டில் தனியார் பாதுகாப்பு முகவர் நிலையங்களுக்கு 1998 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒவ்வொரு காவல் கம்பனியும் பாதுகாப்பு அமைச்சில் பதியவேண்டும். கம்பனியைப் பதிய ஒரு புத்தகம் இருக்கும்போது, அந்தக் கம்பனிகளுக்கிடையே கைமாறும் ஆளின் சேவையைப் பதிய ஒரு புத்தகம் இருக்கக்கூடாதா? ஒரே வாயிலில் தொடர்ந்து நிற்பவரின் சேவைக்காலத்தைப் புதிய கம்பனி ஏற்கவேண்டும், அல்லது பழைய கம்பனி கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், இரண்டும் இல்லையென்றால் காவலை வாங்கும் கடையும் வங்கியும் அதற்குப் பொறுப்பு. இதைத்தான் நமது சங்கம் கேட்கவேண்டும் என்கிறோம். அரச நிறுவனங்களின் வாயில்களிலும் காவல் கொந்தராத்தில்தான் ஓடுகிறது. அரசு கேள்விப்பத்திரத்தில் இந்த ஒரு வரியை எழுத நாளைக்கே முடியும், புதுச் சட்டம் தேவையில்லை.

இதையெல்லாம் கேட்பதற்கு முன் நம்மை நாமே ஒன்று கேட்கவேண்டும். அந்தத் தம்பி பதினெட்டு வயதில் தோட்டத்தில் பேர் பதிந்தபோது நமது சங்கத்தில் சேர்ந்தான். இருபத்திரண்டில் போனான். செக்ரோலில் பேர் வெட்டியதும் சந்தா நின்றது. சந்தா நின்றதும் நமது புத்தகத்திலும் பேர் வெட்டினோம். ஆறு வருடத்தில் அவனுக்கு ஒரு கடிதம் போட்டோமா? "எங்கே தம்பி இருக்கிறாய், சேமலாப நிதி கட்டுகிறார்களா?" என்று ஒரு கேள்வி? கொந்தராத்து மாறியதும் அவனை மறந்த கம்பனிக்கும், சந்தா நின்றதும் அவனை மறந்த நமக்கும் என்ன வித்தியாசம் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்காது.

இவர்களைச் சேர்ப்பது கஷ்டம் என்பது தெரியும். தோட்டத்தில் பிரட்டுக்களத்துக்குப் போனால் இருநூறு பேரைச் சேர்த்துப் பார்க்கலாம். காவலாளிகள் ஒரு வாயிலுக்கு இருவர், அந்த இருவரும் ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம்தான் சந்திக்கிறார்கள். சட்டப்படி ஏழு பேர் இருந்தால் ஒரு சங்கம் பதியலாம். ஆனால் பேச்சுவார்த்தைக்குக் கம்பனி வந்தே ஆகவேண்டும் என்றால் நூற்றுக்கு நாற்பது பேர் அங்கத்தவராக இருக்கவேண்டும் என்று 1999 ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. நாற்பது வீதம் இன்றைக்கு எட்டாது. ஆனால் தனி ஒருவருக்காகத் தொழில் திணைக்களத்தில் முறையிடுவதற்கும், வேலையிலிருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போவதற்கும் வீதக் கணக்கு வேண்டியதில்லை. அந்த வேலையை நமது சங்கம் எழுபது, எண்பது வருடமாகச் செய்து பழகியிருக்கிறது. கைப்பழக்கம் இருக்கிறது, இடம்தான் புதிது.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறோம், தாய்மார் போனில் படித்துக் காட்டுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவேண்டாம். நியமனக் கடிதம் கேளுங்கள். கம்பனி மாறும்போது, பழைய கம்பனியில் சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் எழுதிய ஒரு கடிதம் வாங்காமல் புதிய சட்டையைப் போடவேண்டாம். சேமலாப நிதி இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் அதைச் சரிபார்க்கலாம், அதற்குக் காசு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, உங்களுக்கென்று ஒரு கொப்பி வைத்து, வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தினமும் எழுதுங்கள். கம்பனியின் லொக் புத்தகம் கம்பனியோடு போய்விடும். உங்கள் அம்மா கொழுந்து நிறை எழுதிய துண்டுகளை மாத முடிவு வரைக்கும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கணக்கப்பிள்ளை தவறாக எழுதிய நாளில் அந்த டப்பாதான் பேசியது.

வரும் மாதக் கிளைக் கூட்டங்களுக்கு வரும்போது, வடக்கில் காவல் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர், நிற்கும் இடம், வேலைக்குச் சேர்ந்த திகதி, இதுவரை எத்தனை கம்பனி என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தோட்டத் தலைவர்மாரிடமும் மாதர் சங்கத் தலைவிமாரிடமும் கொடுக்கலாம். பேர் வெட்டப்பட்டவரின் பிள்ளை என்று யாரும் தயங்கவேண்டாம். பழைய சந்தாப் பாக்கி கேட்கமாட்டோம்.

டிக்கோயாத் தம்பியின் அந்த 8 சதவீதக் கழிவு பற்றிய முறைப்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம். மூன்று மாதச் சம்பளத் துண்டு அவனிடம் பத்திரமாக இருந்தது. சட்டைப் பையில், அம்மாவின் படத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தான். நாங்கள் திரும்பி வந்து அவன் அம்மாவைப் பார்த்தபோது, மகன் மெலிந்திருக்கிறானா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு உள்ளே போய், பக்கத்து லயத்துப் பிள்ளைகள் நாலு பேரின் பெயரை ஒரு கொப்பித் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் கொப்பியில் இப்போது பதினைந்து பேர்.